நீலமலையில் தேடியதும் கண்டதும்

ஓமந்தூர் சமவெளி ஊர். ஏரியும் நெல்வயலும் மணிலாக் கொல்லையும் பார்த்து வளர்ந்த இப்பகுதி மக்களுக்கு மலை என்றாலே திண்டிவனத்துக்கு மேற்கிலுள்ள செஞ்சிதான். இராசகிரியின் படிகளில் மூச்சிரைக்க ஏறி உச்சியில் காற்று வாங்காத பள்ளிப்பிள்ளை இங்கே அரிது. 2025-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றபின், அக்கோட்டையைக் காண வெளியூரார் வருகையும் பெருகிவிட்டது.

அந்தச் செஞ்சிக்கு 1597-இல் ஒரு கத்தோலிக்கக் குரு வந்தார். இயேசு சபையின் பார்வையாளராக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நிக்கோலாஸ் பிமெந்தா அவர். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சிக்காலம் அது. லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல் நாட்டில் இத்துணைப் பெரிய நகர் இல்லை என்று அவர் வியந்து எழுதினார். அரண்மனையையும் அரசரின் அணிகலன்களையும் அவர் மடல்கள் விவரிக்கின்றன. அரசவையை நாடிச் சென்றவர் அரசவையைக் கண்டார். அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால் அதற்கு ஆறாண்டுகளுக்குப் பின் இன்னொரு குரு இன்னொரு மலை ஏறினார். அங்கே அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, புல்வேய்ந்த குடில்களே இருந்தன. சில ஆண்டுகளுக்குமுன் நண்பர்கள் நால்வருடன் நாம் நீலமலையில் நடந்து, இரண்டு இரவுகள் காட்டோரக் குடில் ஒன்றில் தங்கியபோது, அந்தக் குருவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மின்விளக்கு இல்லை. வெளியே பனி பெய்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்த எங்களுக்கு நானூறு ஆண்டுகள் அவ்வளவு நெடுந்தொலைவாகத் தோன்றவில்லை.

அவர் பெயர் யாக்கோமே பெனிச்சியோ. இத்தாலியர், இயேசு சபையினர், கோழிக்கோட்டில் பணியாற்றியவர். அக்காலத்தில் மலபார்க் கிறிஸ்தவரிடையே ஒரு செய்தி உலவியது. புனித தோமையாரின் வழிவந்த கிறிஸ்தவர்களுள் ஒரு பிரிவினர் முற்காலத்தில் மலைமேல் குடியேறினர், காலப்போக்கில் குருக்களின்றி நம்பிக்கையை மறந்து அங்கேயே வாழ்கின்றனர் என்பதே அச்செய்தி. அங்கமாலி ஆயர் பிரான்சிஸ்கு ரோஸ் அதனைப் புறக்கணிக்கவில்லை. 1602-இல் ஒரு குருவையும் ஒரு திருத்தொண்டரையும் அனுப்பிப் பார்த்தார். மலைமேல் மக்கள் இருப்பது உறுதியாயிற்று. அவர்கள் யார் என்பது தெளியவில்லை. ஆகவே மறு ஆண்டு பெனிச்சியோ புறப்பட்டார்.

இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்திலோ இரயிலிலோ உதகை செல்கிறோம். அன்று சாலை ஏது? மலபார்ச் சமவெளியிலிருந்து காடும் செங்குத்துச் சரிவும் கடந்து காலால் ஏறவேண்டும். அவ்வாறு ஏறிய குருவும் துணைவரும் படகர் வாழ்ந்த ஒரு சிற்றூரை அடைந்தனர். ஆடும் கோழியும், பயறும் பூண்டும் தேனும் அவ்வூரில் இருந்ததை அவர் தம் மடலில் குறித்திருக்கிறார். வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று அறியாத மக்களின் நடுவேதான் அந்தப் பயணியின் நாள்கள் கழிந்தன.

பின்னர் அவர் தோடரைச் சந்தித்தார். எருமை மேய்ப்பதே அவர்கள் வாழ்வு. எருமைப் பாலைச் சூழ்ந்ததே அவர்கள் வழிபாடு. நீண்ட தலைமுடியும் தாடியும் கொண்ட அவர்களுடைய பூசகரிடம் குரு பேசினார். தோடர் மொழி தனிமொழி. மலபாரில் பழகிய குருவுக்கும் அது புதிது. சகோதரர் பலர் ஒரு பெண்ணை மணக்கும் வழக்கத்தைக் கேட்டு அவர் கடிந்துரைத்தார். தோடப் பெண்களுக்கு முகம்பார்க்கும் கண்ணாடிகளும் நூலும் பரிசளித்தார். அவர்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் தேடிச் சென்ற கிறிஸ்தவர்கள்? அப்படி எவரும் அங்கே இல்லை. மறைபணித் தளம் ஒன்றும் அப்போது தோன்றவில்லை. கோழிக்கோடு திரும்பிய பெனிச்சியோ 1603 ஏப்ரல் 1-ஆம் நாள் தம் மேலாளருக்கு மடல் வரைந்தார், அவ்வளவுதான்.

அந்த மடல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஏட்டுக் கட்டுகளிடையே கிடந்தது. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலமலை ஏறியது 1819-இல். அவருக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே குரு ஒருவர் அங்கே நடந்திருந்தார் என்பதைப் பலர் அறியவில்லை. மானிடவியல் அறிஞர் ரிவர்ஸ் தோடரைப் பற்றி 1906-இல் வெளியிட்ட பெருநூலில் அம்மடலின் மொழிபெயர்ப்பைச் சேர்த்தபோதுதான் அது பரவலாகத் தெரியவந்தது. தோடர் வாழ்வைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற்குறிப்பு அது. தோல்வியுற்ற ஒரு பயணத்தின் அறிக்கை, ஒரு மக்களினத்தின் வரலாற்று ஆவணமாகிவிட்டது!

அன்பர்களே, இந்த நிகழ்ச்சியை நாம் எப்படிப் பார்ப்பது? பெனிச்சியோவை வீரராக்கிப் புகழ்வதும் எளிது. பிறர் வழக்கத்தைப் பழித்த அயல்நாட்டார் என்று ஒதுக்குவதும் எளிது. இரண்டும் அவருக்கு நீதி செய்வதாகாது. அவர் மலை ஏறியது தம்மவரைத் தேடி. மலைமேல் நின்றவர்களோ வேற்றவர். அவர்களிடம் தம்மவரின் சாயலையே முதலில் தேடினார். கண்ணாடியைப் பரிசாகக் கொண்டுசென்றவர், தாமும் ஒரு கண்ணாடியில் பார்ப்பதுபோலவே அம்மக்களைப் பார்க்கத் தொடங்கினார் எனலாம். ஆயினும் இல்லாத ஒன்றை இருப்பதாக அவர் எழுதவில்லை. கண்டதைக் கண்டவாறு பதிந்தார். அந்த நேர்மை பெரிது. மலபாரில் இந்து சமயக் கதைகளை வருந்திக் கற்று 1609-இல் அவர் ஒரு நூலும் எழுதி முடித்தார். கண்டிக்கும் நோக்கில் எழுதினார் என்பது உண்மை. ஆனால் கற்காமல் கண்டிக்கவில்லை.

அவரைக் குறைகூறுமுன் நம்மை நோக்கவேண்டும். பங்கின் கடைக்கோடிச் சிற்றூர்களுக்கு நாம் நடந்து செல்வதுண்டு. கையில் குடும்பப் பதிவேடு. கண்ணில் நம் வீடுகள் மட்டும். ஒருமுறை சித்திரை வெயிலில் வழிதவறி ஒரு வாசலில் நின்றோம். பதிவேட்டைப் புரட்டும்போதே வீட்டுக்காரப் பெரியம்மா சொன்னார்: "நாங்க உங்க கோயிலு இல்லைங்க சாமி. அதுக்கென்ன, நிழல்ல உட்காந்து மோர் குடிச்சிட்டுப் போங்க." குடித்தோம். ஆனால் அவர் பெயரைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை. பதிவேட்டில் அவருக்கு இடமில்லையே! திரும்பும் வழியெல்லாம் அது நெஞ்சை உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது.

நீலமலைக் குடிலில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்த மலைவாழ் நண்பர் ஒருவர் மறுநாள் வழிகாட்டியாகவும் வந்தார். எந்தச் சோலையில் நீர் கிடைக்கும், எந்தச் சரிவில் காட்டெருமை மேயும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இறையியல் படித்த எமக்குத் தெரியாது. தமிழக அரசு 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது, உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியது. நல்ல ஏற்பாடு. மலைக்குச் செல்பவன் அங்கே மாணவனாகச் செல்லவேண்டும்.

ஆண்டவர் உருமாறிய மலையில் பேதுரு மூன்று கூடாரங்கள் அமைக்க விரும்பினார். அமைக்கவில்லை; இறங்கிவந்தார்கள். அடிவாரத்தில் நோயுற்ற மகனுடன் ஒரு தந்தை காத்திருந்தார். பெனிச்சியோவும் கூடாரம் கட்டாமல்தான் இறங்கினார். தங்க இடம் தந்தவர்களைப் பற்றிய சில பக்கங்களே அவர் கொண்டுவந்த கனி. நாமும் உதகையிலிருந்து ஓமந்தூர் திரும்பினோம். திரும்பிய வாரமே அந்தப் பெரியம்மாவின் சிற்றூருக்கு, பதிவேடின்றி, நடந்து சென்றோம். இம்முறை பெயரைக் கேட்டுத்தான் மோர் குடித்தோம்.