ரோசெட்டோ: ஓர் ஊரின் இதயக் கணக்கு

இத்தாலியின் தென்கிழக்கே, ஃபோஜா மாவட்ட மலைச்சரிவில் இருக்கிறது ரோசெட்டோ வல்ஃபோர்டோரே. கல் உடைத்தும் சரிவில் பயிர் செய்தும் வயிறு நிறையாதவர்கள் 1882-இல் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கினார்கள். பென்சில்வேனியாவில் பாங்கர் நகரை ஒட்டிய ஸ்லேட் குவாரிகளில் வேலை கிடைத்தது. முன்னே போனவர்கள் சொல்லியனுப்ப, அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று சொந்தபந்தம் பின்னாலேயே வந்து சேர்ந்தது. குன்றின்மேல் எழுந்த குடியிருப்புக்கும் ரோசெட்டோ என்றே பெயர் வைத்தார்கள்.

பாங்கரில் வேல்ஸ்காரர்களும் ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். இத்தாலியர்களை அவர்கள் அண்டவிடவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் நெருங்கியதில் வியப்பில்லை. 1890களின் பிற்பகுதியில் வந்த பாதிரியார் பாஸ்குவாலே டி நிஸ்கோ பூசையோடு நிற்கவில்லை. கொல்லையில் வெங்காயமும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் போடவைத்தார், சங்கங்களை உண்டாக்கினார், திருவிழாக்களுக்கு ஏற்பாடு செய்தார். 1912-இல் ஊர் தனி நகராட்சியானது. ஆண்கள் குவாரிக்குப் போனார்கள். காலப்போக்கில் பெண்கள் ரவிக்கை தைக்கும் ஆலைகளில் சேர்ந்தார்கள்.

தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருப்பது அங்கே அன்று சாதாரணம். கரிபால்டி அவென்யூவில் நடப்பவர்கள் நின்று நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். 2,000 பேர்கூட இல்லாத ஊரில் 22 சங்கங்கள். பணம் சேர்ந்தவர் பகட்டினால் ஊர் முகம் சுளிக்கும். நொடித்தவரைக் கைவிடவும் செய்யாது. முதியவர்களின் சொல்லுக்குக் கடைசிவரை மதிப்பிருந்தது.

65 வயதுக்கு உட்பட்டவர்களில் இதயநோயாளியைப் பார்ப்பதே அபூர்வம் என்று உள்ளூர் மருத்துவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, 1960களின் தொடக்கத்தில் ஸ்டூவர்ட் வுல்ஃப் என்ற மருத்துவ ஆய்வாளர் வந்தார். சமூகவியலாளர் ஜான் புரூன் அவருடன் சேர்ந்தார். 55 வயதுக்குள் மாரடைப்பால் இறந்தவர்கள் அநேகமாக இல்லை. 65ஐக் கடந்த ஆண்களின் இதயநோய் இறப்பு நாட்டுச் சராசரியில் ஏறக்குறையப் பாதி.

உணவுதான் காரணம் என்று யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ரோசெட்டோக்காரர்கள் பன்றிக்கொழுப்பில் பொரித்துச் சாப்பிட்டார்கள், சுருட்டும் பிடித்தார்கள், ஸ்லேட் தூசியில் வேலை செய்தார்கள். பரம்பரையும் இல்லை, வேறு ஊர்களில் குடியேறிய உறவினர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தண்ணீரும் மருத்துவர்களும் பாங்கருக்கும் பொதுதான். மிஞ்சியது வாழ்ந்த விதம். இதை நிரூபிப்பது எளிதல்ல என்பதால்தான், அந்த வாழ்க்கை கலைந்தால் பாதுகாப்பும் போய்விடும் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே சொன்னது முக்கியமாகிறது.

கலையவும் செய்தது. படித்த பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே வேலியிட்ட தனி வீடுகள் வந்தன; வாசலில் காடிலாக் கார்கள் நின்றன. பழைய அடக்கம் கழன்றது. 45 வயதுக்கு உட்பட்ட ஒருவர் அங்கே மாரடைப்பால் முதன்முதலாக இறந்தது 1971-இல்.

இவ்வளவு சிறிய ஊரில் சில இறப்புகள் கூடுவதும் குறைவதும் தற்செயலாக இருக்கலாம் என்பது நியாயமான ஐயம். 1992-இல் வெளியான ஆய்வு, 1935 முதல் 1985 வரை ரோசெட்டோ, பாங்கர் ஆகிய இரண்டு ஊர்களின் இறப்புச் சான்றிதழ்களையும் ஒப்பிட்டது. முதல் 30 ஆண்டுகள் ரோசெட்டோவில் மாரடைப்பு இறப்பு தெளிவாகக் குறைவு. 1960களின் நடுவுக்குப் பிறகு அது பாங்கரின் அளவுக்கு ஏறியது. ஏற்றம் கூர்மையாகத் தெரிந்தது வயது குறைந்த ஆண்களிடமும் முதிய பெண்களிடமும்.