நேர்முகப் பரீட்சையும் மலையகப் பட்டதாரியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பதவிக்குத் தகுதியானவரை எவ்வாறு தெரிவு செய்வது என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரங்கள் தெரிவு செய்வோனை நோக்கியவை. அவையறிதல், அவையஞ்சாமை என்பன அவைமுன் நிற்போனை நோக்கியவை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) வாரிய உறுப்பினர்க்குரிய வயது, நிலவுடைமை, கல்வி ஆகியவற்றை வரையறுத்து, கணக்குக் காட்டாதோரை விலக்கி, எஞ்சியோரின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கும் முறையைக் கூறுகின்றன. தயவு தாட்சணியத்திற்கு இடமளியாத முறை இது. ஆயின், நிலமும் வேதக் கல்வியும் உடையோரின் ஓலைகள் மாத்திரமே அக்குடத்தினுள் விழுந்தன. எடுப்பவனின் நேர்மையைக் காட்டிலும், யாருடைய ஓலை உள்ளே செல்கின்றது என்பதே அடிப்படை வினாவாகும். கண்டிப் பிரதேசத்தின் அண்மைக்கால வரலாற்றை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

கண்டி இராச்சியத்தில் உயர்பதவிகள் குலப்பெருமையாலும் அரசனின் விருப்பாலும் வந்தன. 1815இல் அவ்விராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின், பதவி வழங்கும் அதிகாரம் தேசாதிபதியிடமும் இலண்டனிடமும் சென்றது. 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக்–கமறன் சீர்திருத்தங்கள் சிவில் சேவையின் கதவைச் சுதேசிகளுக்குத் திறந்தன. ஆயின் அக்கதவின் திறவுகோலாக ஆங்கிலக் கல்வியே அமைந்தது. பிரித்தானியாவிலும் நியமனங்கள் நெடுங்காலம் சிபாரிசினாலேயே நடைபெற்றன. 1854ஆம் ஆண்டு நோத்கோட்–திரெவெலியன் அறிக்கைக்குப் பின்னரே போட்டிப் பரீட்சை அங்கு வேரூன்றலாயிற்று. அப்போட்டிப் பரீட்சையின் வழியாக 1875இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். கேம்பிரிட்சிற் பயின்ற அவர், இந்நாட்டு இளைஞர் இந்நாட்டிலேயே உயர்கல்வி பெறவேண்டுமென 1906இல் பல்கலைக்கழக இயக்கத்திற்குத் தலைமை தாங்கினார். பேராதனை வளாகத்தில் அவர் பெயரால் ஒரு மண்டபம் விளங்குவது பொருத்தமே.

1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. ஆங்கிலம் மூலம் கற்று வெளியேறிய சிறுதொகையினர்க்கு அக்காலத்தில் உத்தியோகம் அரிதாக இருக்கவில்லை. 1960 அளவிற் கலைப்பீடத்திற் சுயமொழிக் கல்வி தொடங்கியதும் கிராமப்புற மாணவர் பெருந்தொகையினராக உள்நுழைந்தனர். பட்டதாரிகள் பெருகிய அளவிற்குப் பதவிகள் பெருகவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியை அடுத்து, அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழுவின் அறிக்கை, கற்றோரின் எதிர்பார்ப்பிற்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. சுயமொழியிற் பட்டம் பெற்றவன் தனியார் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலத்தை எதிர்கொண்டான். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என அழைத்தமை இவ்வனுபவத்தின் விளைவே.

தமிழ் மாணவர் முன் மேலும் ஒரு வாள் தொங்கிற்று. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1958ஆம் ஆண்டுத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், தமிழ்மூலம் கற்றோர் அரசாங்க சேவைப் பரீட்சைக்குத் தமிழிலே தோற்ற இடமளித்தது. எனினும் குறித்த காலத்தினுட் சிங்கள அறிவு பெறவேண்டுமென நிபந்தனையும் விதித்தது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற்றது 1987இலேயாகும்.

மலையகத் தமிழரின் நிலை இதனினும் வேறு. பேராதனை வளாகத்தின் மேலே எழும் அந்தானை மலையிலும், 1867இல் ஜேம்ஸ் தெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவிலும், புசல்லாவையிலும் லயன் அறைகளிற் பிறந்த பிள்ளைக்கு விடையிறுக்க வேண்டிய முதல் வினா, ‘நீ எந்நாட்டுப் பிரசை?’ என்பதே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சமபங்காகப் பிரிக்கப்பட்டனர். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவைத் தந்தன. அதுகாறும் பிரசாவுரிமைப் பத்திரமில்லாத இளைஞன், எத்துணை ஆற்றல் பெற்றிருப்பினும், அரசாங்க உத்தியோகத்தின் வாயிலைக்கூட அணுக இயலவில்லை. அவனுடைய ஓலை குடத்தினுள் இடப்படவேயில்லை.

வாயிலைக் கடந்தோர்க்கும் தடைகள் இருந்தன. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் அளித்தது. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதமும், 1977இன் பின் அவர்கள் வழியாகப் படிவம் வழங்கிய தொழில் வங்கி முறையும் திறமைக்குரிய இடத்தைப் பற்றிக்கொண்டன. 1989இல் நியமிக்கப்பட்ட இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு, அரசியல் அதிகாரத் துஷ்பிரயோகத்தை இளைஞர் அமைதியின்மைக்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகத் தன் 1990ஆம் ஆண்டு அறிக்கையிற் குறிப்பிட்டது.

இவ்வாறாயின் தனிமனித ஆயத்தம் வீணோ எனின், அன்று. சிபாரிசை நம்பிய காலத்தில் ஆயத்தத்திற்கு மதிப்பிருக்கவில்லை. திறமையை அளவிடும் முறை வலுப்பெறுந்தோறும் ஆயத்தமும் மதிப்புப் பெறுகின்றது. பிறப்பத்திரம் முதலாகச் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தல், பதவியின் கடமைகளையும் நிறுவனத்தின் இயல்பையும் முன்னரே கற்றல், தான் பயின்ற பாடத்தைப் பிறதுறையார்க்கு விளங்குமாறு கூறப் பழகல், நண்பர்முன் வாய்விட்டுப் பேசிப் பார்த்தல், கேட்ட வினாவிற்கு மாத்திரம் விடையளித்தல், அறியாததை அறியேன் என ஒப்புக்கொள்ளல் ஆகியன அவையறிதலின் இன்றைய வடிவங்களேயாகும். சிங்களமும் ஆங்கிலமும் பயில்வது தாய்மொழிக்குச் செய்யும் துரோகமன்று. பிறர் கையிலிருந்த வாளைத் தானும் ஏந்தக் கற்பதே அது.

எனினும், அவையஞ்சாமை அவைக்கு அழைக்கப்பட்டோர்க்கே பயன்படும். முந்தைய தலைமுறையினர் பத்திரமின்மையால் வாயிலிலேயே நின்றனர் என்பதை, இன்று மண்டபத்தினுள் அமர்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கும் மலையகப் பட்டதாரி மறத்தலாகாது. நாளை அவரே மேசையின் மறுபுறம் அமர்ந்து வினாத் தொடுக்கக்கூடும். அன்று குடத்தினுள் எல்லோருடைய ஓலைகளும் உளவா எனப் பார்ப்பது அவருடைய முதற்கடமையாகும்.