கரிக்குக் கொடுக்க வேண்டிய அரசுக் காசு

புனே நகரின் வடக்கே, பவனா ஆற்றையொட்டி இருக்கும் தாபோடி இன்று ரயில் பாதையும் பட்டறைகளும் நெருக்கும் புறநகர். 1828-இல் பம்பாய் ஆளுநர் சர் ஜான் மால்கம் இங்கே ஒரு பங்களாவை ஆளுநர் மாளிகைக்காக வாங்கினார். அதையொட்டி அரசு செலவில் ஒரு தாவரவியல் தோட்டமும் எழுந்தது. பழைய ஆவணங்களில் ஊரின் பெயர் தாபூரி.

1838-இல் அந்தத் தோட்டம் அலெக்சாண்டர் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பொறுப்புக்கு வந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் மருத்துவமனைகளுக்கு வேண்டிய மூலிகைகளை அவர் அங்கே பயிராக்கினார். ஆனால் மனம் முழுக்கக் காட்டில்தான். கொங்கணத்திலும் சஹ்யாத்ரிச் சரிவுகளிலும் சுற்றித் திரிந்தவர், மரம் போன மலையில் ஓடை வற்றுவதையும், கரைந்த மண் கழிமுகங்களைத் தூர்ப்பதையும் பார்த்து அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1847-இல் பம்பாய் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அவரையே நியமித்தார்கள். சென்னை மாகாணத்தில் ஹியூ கிளெக்ஹார்ன் அதே பொறுப்பை ஏற்றது 1856-இல்தான்.

கரியமில வாயு வெப்பத்தை உள்வாங்கும் என்று அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட் சோதனை செய்து சொன்னதும் அதே 1856-இல். ஆக, காற்றிலுள்ள கார்பனை யாரும் கணக்கில் எடுக்காத காலத்திலேயே, தட்பவெப்பத்தைக் காரணம் காட்டி மரத்துக்கு அரசுப் பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அது முழுக்க நல்லெண்ணத்தில் வந்த பணமும் அல்ல. பம்பாய் கப்பல் துறைக்குத் தேக்கு வேண்டியிருந்தது. காட்டைக் காக்க வந்த சட்டங்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்தவர்களை வெளியே தள்ளின. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. காடு வளர்ப்புக்கு நிதி ஒதுக்குகிற எவரும் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இது.

அடுத்த பெரிய பணம் பஞ்சத்தின் பெயரால் வந்தது. 1972 வறட்சியில் தக்காண கிராமங்கள் காய்ந்தபோது, கேட்பவருக்கெல்லாம் வேலை தருவதாக மகாராஷ்டிர அரசு ஏற்றுக்கொண்டது. வி. எஸ். பாகே முன்னின்று வடித்த அந்த வேலை உறுதித் திட்டம் 1977-இல் சட்டமானது; நகரத்துச் சம்பளக்காரர்களின் தொழில் வரி கிராமத்துக் கூலியாகப் போய்ச் சேர்ந்தது. ஊர் மக்கள் வாயில் அது ‘ரோஹயோ’. ஆரம்பத்தில் சாலையும் குளமும் வெட்டியவர்கள், 1990 முதல் விவசாயிகளின் சொந்த நிலத்தில் பழமரக் குழிகளையும் வெட்டத் தொடங்கினார்கள். செலவு அரசுடையது, மரம் விவசாயியுடையது. மாநிலத்தில் பழத்தோட்டப் பரப்பு பல மடங்கு பெருகியதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம். புனே மாவட்டத்தில் அத்திக்கும் சீத்தாப்பழத்துக்கும் பேர்போன புரந்தர் வட்டாரத்தைப் போன்ற வறண்ட பூமிக்கு ஏற்ற திட்டம்தான் இது.

2018-இல் வந்த பாவுசாகேப் ஃபுண்ட்கர் பழத்தோட்டத் திட்டம் அதே வழியில் இன்னும் கறாரானது. மானியம் மூன்று தவணை: முதல் ஆண்டு 50 சதவீதம், அடுத்து 30, கடைசியில் 20. இரண்டாம் ஆண்டில் நட்டவற்றில் 80 சதவீதமும், மூன்றாம் ஆண்டில் 90 சதவீதமும் உயிரோடு இருந்தால்தான் பணம். செத்த கன்றுக்குப் பதில் விவசாயி தன் கையிலிருந்து வாங்கி நட வேண்டும்.

இந்த ஒரு விதியின் அருமை, அதே காலத்தில் மாநில அரசு நடத்திய மரம் நடும் இயக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். 2016-இல் 2 கோடி, 2017-இல் 4 கோடி, 2018-இல் 13 கோடி, 2019-இல் 33 கோடி என்று இலக்கு ஏறிக்கொண்டே போனது. பணமும் பேச்சும் நடுவதைச் சுற்றியே இருந்தன. பிழைத்தவை எத்தனை என்ற கேள்வி சட்டமன்றம் வரை போய், 2021-இல் விசாரணைக் குழு அமைக்கும் நிலை வந்தது.

கார்பனைப் பிடித்துவைக்க மரத்தைவிட நீண்ட ஆயுள் உள்ள இன்னொரு வழிக்கான கருவியும் புனேயில்தான் உருவானது. சமூகச் சீர்திருத்தவாதி மகரிஷி கார்வேயின் பேரனும் தாவரவியலாளருமான ஆனந்த் கார்வே 1996-இல் ‘ஆர்ட்டி’ என்ற ஊரகத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் கண்ணில் பட்டது கரும்புச் சோகை. மராத்தியில் பாச்சட். ஹெக்டேருக்குச் சுமார் 10 டன் விழும். காய்ந்த சோகையை மாடு தின்னாது, சீக்கிரம் மக்காது, எனவே வயலிலேயே தீ வைப்பார்கள்.

ஆர்ட்டியின் உலை எளிமையானது. உருளை வடிவ உலைக்குள் ஏழு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் சோகையைத் திணித்து மூடுவார்கள். அடியில் கொஞ்சம் சோகையை எரித்ததும் டப்பாக்கள் சூடேறும். உள்ளே காற்று இல்லாததால் சோகை எரியாமல் வெந்து கரியாகும். அப்போது கிளம்பும் வாயு அடித்துளைகள் வழியே கீழிறங்கி, அங்கே தீப்பிடித்து உலையைத் தானே சூடாக வைத்திருக்கும். எடுத்த கரித்தூளைப் பசை கலந்து கட்டிகளாக்கினால் அடுப்புக்கு ஆயிற்று. 2002-இல் லண்டனின் ஆஷ்டன் விருது இந்த உலைக்குக் கிடைத்தது.

அந்தக் கரி அடுப்பில் எரிந்தது, அதனால் கார்பன் மீண்டும் காற்றுக்கே போனது. அதையே மண்ணில் கலந்தால் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே கிடக்கும். பயோசார் என்று இன்று உலகம் விலை பேசுவது இதைத்தான். 2025 ஜனவரியில் கூகுள் நிறுவனம் இந்தியாவின் வராஹா நிறுவனத்திடம் ஒரு லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடான பயோசார் வரவுகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. குஜராத்தின் சீமைக்கருவேலம் அதற்கு மூலப்பொருள்.

அரசுப் பணம் வேறு திசையில் போகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2023 ஆகஸ்டில் டெக்சாஸ், லூசியானா மாநிலங்களில் காற்றிலிருந்து நேரடியாகக் கரியமில வாயுவை உறிஞ்சும் இரண்டு திட்டங்களுக்கு 120 கோடி டாலர் வரை அறிவித்தது. இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-இல் மும்பை ஐஐடியிலும் பெங்களூர் ஜவாஹர்லால் நேரு மையத்திலும் கார்பன் பிடிப்புக்கான தேசிய மையங்களுக்கு நிதி தந்தது. புனேயில் 1950 முதல் இயங்கும் தேசிய வேதியியல் ஆய்வகத்திலும் அந்த வாயுவை ஈர்க்கும் நுண்துளைப் பொருள்கள் பற்றிய ஆய்வு நடந்திருக்கிறது. இவை தேவை. ஆனால் நம் நாட்டில் இந்த ஆய்வின் கவனம் பெரும்பாலும் ஆலைப் புகைபோக்கியில் பிடிப்பதில்தான்; ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்டதை எடுப்பது வேறு வேலை. அதற்கு வேண்டிய கச்சாப் பொருள் புனே மாவட்டத்துக் கரும்பு வயலில் கிடக்கிறது, உலை தெரிந்தவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். பிழைத்ததை எண்ணிப் பார்த்துத் தவணை கொடுக்கும் விதியும் மாநில வேளாண் துறையின் கையிலேயே உள்ளது. மண்ணில் புதைத்த கரிக்கும் அதே மாதிரி தவணையில் மானியம் தர மகாராஷ்டிரம் இனியும் தயங்கக் கூடாது.