இருதயத்துள் சென்ற முதற்குழாய்: ஃபோர்ஸ்மானின் நோக்கம் பற்றிய ஒரு மறுவிசாரணை

நெஞ்சைப் பிளக்காமல், கையிலோ தொடையிலோ உள்ள ரத்தக்குழாயின் வழியே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி இருதய நோயைத் தீர்க்கும் இன்றைய சிகிச்சை முறையின் தோற்றத்தை ஆராய்பவர் எவரும், பெர்லினுக்கு வடகிழக்கேயுள்ள எபர்ஸ்வால்டெ நகரத்து ஆஸ்பத்திரியில் 1929-ஆம் ஆண்டு பயிற்சி பெற்றுவந்த வெர்னர் ஃபோர்ஸ்மானைக் குறிப்பிடாமல் மேற்செல்வதில்லை. அந்த இளம் வைத்தியர் தம் கைநாளத்தின் வழியே தம் இருதயத்துக்குள்ளேயே குழாய் செலுத்திக்கொண்ட வரலாறு பலரும் அறிந்ததாகலின், அதை மீண்டும் விரிப்பது என் கருத்தன்று. அச்செயல் எதன் பொருட்டுச் செய்யப்பட்டது என்னும் வினாவுக்கு வழங்கிவரும் விடை சரிதானா என்பதே இங்கு விசாரணைக்குரியது.

அவ்விடைக்கு மூலஸ்தானம் 1956-ஆம் ஆண்டின் நோபெல் தீர்ப்பு. ஃபோர்ஸ்மான், ஆந்த்ரே கூர்னாண்ட், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவருக்கும் வைத்தியப் பரிசு பங்கிடப்பட்டபோது, இருதயத்தில் குழாய் செலுத்துவது பற்றியும் ரத்த ஓட்டத்தில் நோய் விளைக்கும் மாறுதல்கள் பற்றியும் கண்டவற்றுக்காகவே அது அளிக்கப்படுவதாகச் சொல்லப்பட்டது. இதிலிருந்து பின்வந்தோர் ஒரு நேர்கோடு வரைந்தனர். கிளாட் பெர்னார்டும், பின் 1861-இல் ஷோவோவும் மாரேயும் குதிரையின் இருதயத்தில் அளந்தறிந்ததை ஃபோர்ஸ்மான் மனிதனிடம் கொண்டுவந்தார். 1941 முதல் நியூயார்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரியில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அதை அளவைக் கருவியாகச் செம்மைப்படுத்தினர். நோயறியும் கருவி வெகுகாலம் கழித்தே நோய் தீர்க்கும் கருவியாயிற்று என்பது அப்பின்வந்தோரின் முடிபு. இருதயத்தின் அறைகளிலுள்ள அழுத்தத்தையும் பிராணவாயுவின் அளவையும் கண்டறிந்த அவ்விருவரின் உழைப்பு இல்லையேல், பிறவிக் குறைகளுக்கான ரண சிகிச்சை இவ்வளவு விரைவில் வளர்ந்திராது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அந்த நேர்கோட்டை நான் ஒப்ப முடியவில்லை. மூலக் கட்டுரையே அதற்கு மாறாக நிற்கிறது.

1929 நவம்பர் 5-ஆம் தேதி 'கிளினிஷே வோகென்ஷ்ரிஃப்ட்' பத்திரிகையில் வெளியான அக்கட்டுரையின் தலைப்பு, வலது இருதயத்துள் சலாகை செலுத்தித் துருவுதல் என்று பொருள்படுவது. சலாகை என்னும் சொல் துருவி அறிவதையே நினைவூட்டுவதால், தலைப்பு மட்டும் படிப்பவர் நோபெல் தீர்ப்பின் பக்கமே சாய்வர். ஆனால் கட்டுரை தொடங்கும் இடம் அளவையன்று, ஆபத்து. மயக்க மருந்தாலோ விஷத்தாலோ இருதயம் திடீரென ஓயும் வேளையில் மார்பின் வழியே ஊசி குத்தி இருதயத்துக்குள் மருந்தேற்றுவது உயிர்காக்கும் வழியாயினும், அவ்வூசியால் இருதயத்தின் சொந்த ரத்தக்குழாய்கள் கிழிபடலாம், நுரையீரல் உறை துளைபடலாம் என்று கூறி, அத்தீங்கு நேராத மாற்றுவழி தேடியே ஆசிரியர் நாளத்தை நாடுகிறார். உடலியக்க ஆராய்ச்சிக்கும் இம்முறை பயன்படக்கூடும் என்ற குறிப்பு கட்டுரையின் இறுதியில்தான் வருகிறது. முதலில் நிற்பதைக் கடைசியாகவும், கடைசியில் நிற்பதை முதலாகவும் மாற்றிப் படித்ததே பின்வந்தோரின் பிழை.

இவ்விடத்தில் இன்னொரு பாடபேதத்தையும் நோக்கவேண்டும். பரவலாக வழங்கும் கதையில் செவிலி ஒருத்தியை மேசையில் கட்டிவைத்துவிட்டு, ஒரே அமர்வில், குழாயைத் தம் கையில் அவர் செலுத்திக்கொள்கிறார். சகவைத்தியர் ஒருவர் எக்ஸ்-கதிர் அறைக்கு ஓடிவந்து அதைப் பிடுங்கப் பார்க்கிறார். 1929-ஆம் ஆண்டுக் கட்டுரையிலோ அமர்வுகள் இரண்டு. முதலாவதில் சகவைத்தியர் துணைநின்று வலது முழங்கை நாளத்தில் 35 சென்டிமீட்டர் வரை செலுத்தி, மேற்செல்ல அஞ்சி நிறுத்திவிடுகிறார். ஒரு வாரம் கழித்து ஃபோர்ஸ்மான் தனியே இடது கையில் 65 சென்டிமீட்டர் செலுத்தி, படியேறி எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து, செவிலி பிடித்த கண்ணாடியில் குழாயின் நுனியைக் காண்கிறார். இவ்விரு வடிவங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சம்பவத்தை 1929-ஆம் ஆண்டுக் கோடை என்று வைத்துக்கொள்வதே பொது வழக்கு. அதற்குமேல் நாளைத் தீர்மானிக்க நான் துணியேன். இரு வடிவங்களில் எது மெய் என்பதையும் முடிவுசெய்யாமலே விடுகிறேன்.

மருந்தேற்றும் நோக்கம் ஒரு கவசம் மட்டுமே, துணிகரமான சோதனைக்கு மூத்தோரின் மன்னிப்பைப் பெறும்பொருட்டு முன்னுரையில் சேர்க்கப்பட்டது என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். இவ்வாட்சேபத்தை நேர்ச்சான்று காட்டி மறுக்க முடியாது. ஆயினும் அதே கட்டுரையில் ஒரு நோயாளி வருகிறாள்: குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவிய பெண்ணுக்கு, அக்குழாயின் வழியே மருந்து இருதயத்துக்குச் செலுத்தப்பட்டது, அவள் பிழைக்கவில்லை, குழாய் சென்ற வழி பிரேத பரிசோதனையில் தெளிவாயிற்று. கவசம் மாத்திரம் வேண்டியவன் சாகும் தறுவாயிலிருந்த நோயாளியின்மேல் அம்முறையைப் பிரயோகித்திருப்பானா? மேலும், இக்கட்டுரை வெளியானவுடன் பெர்லினைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் உங்கர் முன்னுரிமை கோரினார். தாமும் ஃபிரிட்ஸ் பிளைக்ரோடரும் முன்பே ரத்தக்குழாய்களில் குழாய் செலுத்தியதாக அவர் சொன்னார். பிளைக்ரோடர் 1912-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'தமனிவழிச் சிகிச்சை' என்பது. இவ்விரு முயற்சிகளும் மருந்தை நோக்கியே நடந்தன என்பது தற்செயலாக இருக்கமுடியாது என்று நான் அழுத்திச் சொல்வேன்.

இவ்வாறு கொண்டால் பின்வந்த வரலாறு புதிய வெளிச்சம் பெறுகிறது. 1964 ஜனவரி 16-ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட்லண்டில், காலை வெட்டியெறிய இசையாத 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியடைப்பைச் சார்லஸ் டாட்டர் குழாய்களாலேயே விரித்தார். 1977 செப்டம்பர் 16-ஆம் தேதி ஸூரிச்சில் அந்திரேயாஸ் குருன்ட்ஸிக் சிறு பலூனொன்றைக் கொண்டு இருதயத் தமனியைத் திறந்தார். 2002-இல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே நெஞ்சைத் திறக்காமலே மகாதமனி வால்வைப் பொருத்தினார். இவர்கள் ஃபோர்ஸ்மானிடமிருந்து நேரே கற்றனர் என்று நான் வாதிக்கவில்லை. மார்பைத் துளைக்காமல் நோயுற்ற இடத்துக்கே சென்று நோயைத் தீர்ப்பது என்னும் எண்ணம் இவர்களிடம் புதிதாகப் பிறந்ததன்று; 1929-இலேயே எழுதப்பட்டு, இடையில் மறக்கப்பட்டதே மீண்டும் தலையெடுத்தது என்பதே என் துணிபு.

ஆகவே இத்துறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பரிசின் வாசகத்தை அல்ல, மூலக் கட்டுரையின் முதற்பத்தியைத் தொடக்கமாகக் கொள்ளவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இருதயத்துள் சென்ற அக்குழாய் நோயைப் பார்ப்பதற்கு முன்பே, அதைத் தீர்ப்பதற்காகப் புறப்பட்டது.