பெயர் வைக்கும்வரை காத்திருக்காத காளான்



போன வாரம் மழைக்காலக் காளான்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், புதுக் காளான் கண்டுபிடிப்பு என்று அடிக்கடி செய்தி வருகிறது. காடு அங்கேயேதானே இருக்கிறது? இத்தனை நாளாக யார் கண்ணிலும் படவில்லையா?" நல்ல கேள்வி. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டதால் பதிலும் வரலாறாகத்தான் வரும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும் மொட்டுக் காளானைக் கவிழ்த்துப் பாருங்கள். குடைக்கு அடியில் புத்தக ஏடுகள் மாதிரி மடிப்புகள் இருக்கும். 'போலீட்' என்ற வகையில் ஏடுகள் கிடையாது, பஞ்சு போலப் பொடிப்பொடித் துளைகள்தான். ஒவ்வொரு துளையும் ஒரு குழாய். ஸ்போர்கள் அதற்குள் உண்டாகும். பல போலீட்களை வெட்டினால் வெட்டிய இடம் காற்றுப் பட்டுச் சில நொடியில் நீலமாகிவிடும். இவற்றில் பெரும்பாலானவை மரவேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்துபவை. மரம் சர்க்கரை கொடுக்கும். பூஞ்சை மண்ணிலிருந்து நீரும் சத்தும் எடுத்துக் கொடுக்கும். குடை வெளியே தெரிவது சில நாள்தான். பிறகு புழு வைத்து அழுகிப்போகும். காய வைத்தாலோ நிறம் போய்விடும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் காட்சி இலங்கை. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைத் தாவரவியல் பூங்காவை 1849 முதல் 1880 வரை நடத்தியவர் த்வெய்ட்ஸ். அவர் காளான்களைக் காய வைத்து இங்கிலாந்துக்குக் கப்பலில் அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியாரும் ப்ரூம் என்ற அவருடைய நண்பரும் அவற்றை ஆராய்ந்து பெயர் வைத்தார்கள். 1873-இல் அப்படிப் பெயர் பெற்ற ஒரு பெரிய போலீட் 'போலீட்டஸ் போர்ட்டென்டோசஸ்'. போர்ட்டென்டோசஸ் என்றால் பிரமிக்க வைப்பது என்று பொருள். காட்டில் அது நிற்கும் கோலத்தைப் பெயர் வைத்தவர்கள் பார்த்ததே இல்லை! இன்று அதன் பெயர் 'ஃப்ளெபோபஸ் போர்ட்டென்டோசஸ்'. வட தாய்லாந்துச் சந்தைகளில் விற்கிறது. உயிருள்ள மரம் இல்லாமலே வளர்க்க முடிந்த மிகச் சில போலீட்களில் ஒன்று என்பதால் சீனாவின் யுன்னானில் பயிராகவே வளர்க்கிறார்கள்.

இரண்டாம் காட்சி சிங்கப்பூர். 1929-இல் 23 வயதில் அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு உதவி இயக்குநராக வந்தார் கார்னர் என்ற ஆங்கிலேயர். உயரமான மரங்களின் கிளைகளைப் பறித்துவரக் குரங்குகளைப் பழக்கியவர் என்று இவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே, அதே ஜாதிக் குரங்கு. ஆனால் அவருடைய முதல் காதல் காளான்தான். மலாயாவில் வறண்ட நாட்களுக்குப் பின் மழை பெய்தால் காளான்கள் கூட்டமாகக் கிளம்புவதைக் கவனித்து 1935-இல் கட்டுரை எழுதினார். கப்பலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கவில்லை. நிறம், மணம், வெட்டினால் மாறும் நிறம் எல்லாவற்றையும் காளான் வாடுவதற்கு முன்பே குறித்துக்கொண்டார்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மற்ற ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் சிறைமுகாமுக்குப் போக, கார்னர் பூங்காவிலேயே இருந்து ஜப்பானிய விஞ்ஞானிகளோடு வேலை செய்தார். நூலகமும் உலர்தாவரச் சேகரிப்பும் சூறையாகாமல் காக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். சொந்த நாட்டார் சிலர் துரோகி என்றார்கள். இதை லேசாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அதே காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்தார்கள். அத்தனை சாவுக்கு நடுவே ஒருவர் இலைகளையும் காளான்களையும் காத்துக்கொண்டிருந்தது சரியா? பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் ஒருவர் முகாமுக்குப் போயிருந்தால் ஓர் உயிரும் மீண்டிருக்காது. சேகரிப்பு ஒருவேளை அழிந்திருக்கும். என் தீர்ப்பு அவர் பக்கம்தான். நீங்கள் மாறுபட்டால் எழுதுங்கள், வகுப்பில் சண்டை போட்டது போலப் போடலாம்.

போர் முடிந்து நாடு திரும்பிய கார்னர், கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். 'போலீட்டஸ் இன் மலேசியா' என்ற அவருடைய நூல் 1972-இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. போருக்கு முன் குறித்து வைத்தவை பல பத்தாண்டுகள் கழித்துப் பயன்பட்டன. அவர் போலீட்டஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கியவற்றில் பலவற்றைப் பின்வந்தவர்கள் வேறு பேரினங்களுக்கு மாற்றினார்கள். மாற்றுவதற்கும் அவர் எழுதி வைத்ததுதானே ஆதாரம்!

மூன்றாம் காட்சி போர்னியோ தீவு, சரவாக் மாநிலத்தின் லம்பிர் குன்றுகள் தேசியப் பூங்கா. அங்கே 52 ஹெக்டேர் ஆய்வு நிலத்தில் மட்டும் சுமார் 1,200 மர இனங்கள். ஓங்கி நிற்பவை டிப்டெரோகார்ப் மரங்கள், நம் குங்கிலியத்தின் குடும்பம். 2010-இல் அங்கே கிடைத்தது ஒரு விசித்திரம். தண்டு இல்லை, குடை இல்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் கடற்பஞ்சு போல ஓர் உருண்டை. பிழிந்தால் தண்ணீர் வடிந்து, விட்டதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். உருவத்தை வைத்து யாரும் இதைப் போலீட் என்று சொல்ல மாட்டார்கள், டி.என்.ஏ. அந்தக் குடும்பத்தில் சேர்த்தது. தாய்லாந்தின் காவ் யாய் காட்டில் கிடைத்து 2009-இல் பெயர் பெற்ற இன்னொன்றுதான் இதன் நெருங்கிய உறவு.

டெஸ்ஜார்டின், பே, ப்ரன்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் இதற்கு வைத்த பெயர் 'ஸ்பாஞ்சிஃபார்மா ஸ்கொயர்பேன்ட்சியை'. ஆம், உங்கள் பிள்ளைகள் டிவியில் பார்க்கும் அதே ஸ்பாஞ்ச்பாப்! விளையாட்டுத்தனமான பெயர் என்று ஆய்விதழ்க்காரர்கள் முதலில் தயங்கினார்கள், ஆய்வாளர்கள் விடவில்லை. பெயர் விளையாட்டு என்றாலும் வேலை விளையாட்டு அல்ல. ஸ்போரை நுண்ணோக்கியில் அளக்க வேண்டும், எந்த இரசாயனத்துக்கு எந்த நிறம் என்று பார்க்க வேண்டும், மாதிரியை உலர்த்திப் பாதுகாப்பகத்தில் வைக்க வேண்டும். 2011 முடியும்வரை லத்தீனில் விளக்கமும் எழுதியாக வேண்டும் என்பது விதி.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். "யார் கண்ணிலும் படவில்லையா?" பட்டிருக்கும் தம்பி. காட்டில் வாழ்பவர்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பார்கள். ஆனால் அது நிற்கும் சில நாளுக்குள் எடுத்து, குறித்து, உலர்த்தி, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். ஆள் வந்து சேரும்போது காடும் இருக்க வேண்டும். மரத்தை வெட்டினால் அதன் வேரை நம்பிய பூஞ்சையும் போகும். பெயர் இல்லாதது போனால் போனது என்று எழுதி வைக்கக்கூட வழியில்லை.

மழை நாளில் மரத்தடியில் துளைக் காளான் கண்டால் மேலே, கீழே, வெட்டு வாய் என மூன்று படம் எடுங்கள். பக்கத்து மரம் எது, என்ன தேதி என்று குறியுங்கள். அருகில் கல்லூரித் தாவரவியல் துறை இருந்தால் ஒன்றைக் காகிதப் பையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்து அழுகிவிடும். முக்கியமாக, யாரும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள்.