காந்தி விலக்கு கொடுத்த மெஷினும் ஒரு நத்தைத் தகடும்

போன வாரம் அம்மாவின் தையல் மெஷின் டிராயரைச் சுத்தம் பண்ணிட்டிருந்தேன். பாபின், ஊசி, பட்டன்களுக்கு நடுவே ஒரு குட்டித் தகடு. முன்பக்கம் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்தது. "ஓரம் அடிக்கிற ஃபுட்டுடா அது, தொலைச்சுடாதே"ன்னாங்க அம்மா.

விஷயம் ரொம்ப எளிமை. வழக்கமான ஃபுட்டைக் கழட்டிட்டு இதை மாட்டணும். துணியின் பிசிர் முனை அந்தச் சுருளுக்குள்ளே போகும்போதே ரெண்டு மடிப்பா மடிஞ்சுடும். மடிப்பு மேலேயே தையல் விழும். கர்ச்சீப், தாவணி முனைக்கெல்லாம் மெல்லிசான ஓரம். ஆரம்பிக்கிறதுதான் கஷ்டம். முதல் அரை அங்குலத்தைக் கையால் மடிச்சு நாலு தையல் போட்டு, அந்த நூலைப் பிடிச்சு இழுத்துத் துணியைச் சுருளுக்குள் நுழைக்கணும். நான் மூணு தடவை முயற்சி பண்ணி மூணு தடவையும் கோணல் :-)

இது ஒண்ணும் புதுச் சரக்கு இல்லை. 1889-லேயே சிங்கர் கம்பெனி இந்த மாதிரி தகடுகளை எல்லாம் அடுக்கி, மடக்குற மரப்பெட்டியில் வச்சுக் கொடுத்திருக்காங்க. பல அகலத்தில் ஓரம் அடிக்க, சுருக்கம் வைக்க, பட்டி வைக்கன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தகடு.

இதுக்கும் நம்ம திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

1924-ல் டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் முடிச்சிருந்த காந்தியை, சாந்திநிகேதனில் படிச்ச ஒரு இருபது வயசுப் பையன் பார்க்கப் போனான். எல்லா மெஷினுக்கும் நீங்க எதிரியான்னு கேட்டான். மெஷின் மேல் இருக்கிற வெறிக்குத்தான் எதிரின்னு சொன்ன காந்தி, சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் தாராளமா விலக்கு கொடுத்தார். மனைவி கையால் தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் கண்டுபிடிச்சதா அவர் நம்பினார். பையன் விடலை. அந்த மெஷினைச் செய்ய ஃபேக்டரி வேணுமேன்னான். வேணும்தான், ஆனா அது அரசாங்கத்துக்கிட்டே இருக்கணும்னார் காந்தி. அந்த நவம்பரிலேயே இந்தப் பேச்சு 'யங் இந்தியா'வில் வந்தது.

அந்தப் பையன்தான் ஜி.ராமச்சந்திரன். 1947-ல் டாக்டர் சௌந்திரம் அம்மாவோடு சேர்ந்து, சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமத்தை ஆரம்பிச்ச அதே ராமச்சந்திரன். மதுரை ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோமே, அதுதான்.

அன்புக்கதை மட்டும் உண்மை இல்லை. சிங்கர் 1851-ல் காப்புரிமை வாங்கினது, ஏற்கனவே இருந்த ஒரு மெஷினைத் திருத்தி அமைச்சதுக்கு. எலியாஸ் ஹோவ் அதுக்கு முன்னாடியே, 1846-ல் வாங்கிட்டார். சிங்கரின் குடும்ப வாழ்க்கையும் ஒரு மனைவியோடு நிற்கலை. அன்பு கொஞ்சம் பரந்த மனசு :-) ஃபேக்டரி விஷயத்திலும் காந்தி நினைச்சது நடக்கலை. 1930களில் கல்கத்தாவில் உஷா மெஷின் செஞ்சது தனியார் கம்பெனிதான்.

இதையெல்லாம் அம்மாகிட்டே பெருமையா சொன்னேன். கேட்டுட்டு அவங்க வேற ஒண்ணு சொன்னாங்க. தாவணி ஓரத்தை முன்னெல்லாம் பக்கத்து வீட்டு அக்காகிட்டே கொடுப்பாங்களாம். அவங்க கையால் ஹெம்மிங் பண்ணித் தருவாங்க. ஒரு முனைக்கு அரை மணி நேரம், சாயங்கால வெளிச்சத்தில் கண்ணு வலிக்க வலிக்க. இந்தத் தகடு வந்ததும் ரெண்டு நிமிஷ வேலை ஆயிடுச்சு. "அந்த அக்காவுக்குக் கொடுக்கிறதை நிறுத்திட்டேன். அவங்க ஒண்ணும் கேக்கலை. ஆனா அந்தக் காசுலதான் பால் வாங்கிட்டிருந்தாங்க"ன்னாங்க.

காந்தி பயந்ததும் இதைத்தானே? உழைப்பு மிச்சமாச்சுன்னு கொண்டாடும்போது, வேலை இல்லாம ஒரு ஆள் தெருவில் நிற்கிறதைப் பத்தித்தானே அவர் பேசினார்? அவர் விலக்கு கொடுத்த மெஷினிலேயே அந்தச் சிக்கல் உட்கார்ந்திருக்கு. தகடு அம்மாவின் கண்ணைக் காப்பாத்துச்சு, அக்காவின் பாலை நிறுத்துச்சு. ரெண்டும் நிஜம்.

இருபது வயசு ராமச்சந்திரன் இதைக் கேட்டிருந்தா காந்தி என்ன சொல்லியிருப்பார்னு யோசிச்சுக்கிட்டே தகட்டை எண்ணெய் போட்டுத் துடைச்சு டிராயரில் வச்சேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலாவது முயற்சி.