தண்ணீருக்குக் கரையாத எழுத்து

தாமிரபரணிக் கரையில் இருக்கிற நமக்கு வெள்ளம் புதிதல்ல. 1992 நவம்பரைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும் பார்த்தோம். வெள்ளம் வடிந்தபின் நனைந்த காகிதங்களைக் காயப்போட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அறுபது வருஷத்துப் பத்திரத்தில் எழுத்து அப்படியே நிற்கும். போன வருஷம் வீட்டுப் பிரிண்டரில் அடித்து ஒட்டிய லேபிளோ வெறும் நீலக் கறையாகிவிடும். ஏன் இப்படி?

பழைய கதையிலிருந்து வருவோம். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடி தேடி நம் ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். அந்நூல் 1889-ல் அச்சேறியது. ஓலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதினார்கள். விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்துத் தடவியது, கீறல் கண்ணுக்குத் தெரிவதற்காக. நனைந்து மை போனாலும் கீறல் போகாது. மறுபடி மை தடவினால் போதும். ஓலைக்குப் பகை செல்லும் பூஞ்சையும்தான்.

காகிதம் வந்தபின் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை இருந்தது. அன்னபேதி என்பது இரும்பு உப்பு. காற்றுப்பட்டால் கறுத்து, காகித நாருக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும். பிற்காலத்து புளூ-பிளாக் மையும் இந்த வகைதான். பள்ளிப் பிள்ளைகளின் ராயல் புளூ வெறும் சாயம். சட்டையில் கொட்டினால் அலசினாலே போய்விடும்.

அச்சு மை வேறு வகை. புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றீக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அச்சு மையில் கரியை எண்ணெயில் குழைப்பார்கள். சிவகாசியின் லித்தோ அச்சுக்கும் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதே அடிப்படை. அதனால்தான் ஈரக்கை பட்டாலும் தீப்பெட்டிப் படத்தின் வர்ணம் கலையாது.

இங்க்ஜெட் இதற்கு நேர்மாறு. 1977-ல் ஜப்பானின் கேனான் நிறுவனத்தில், சூடான சால்டரிங் இரும்பு ஊசிமுனையில் பட்டு மை தெறித்ததைக் கண்டு இந்த வழி பிறந்தது. எச்.பி. தன் முதல் இங்க்ஜெட்டை 1984-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முடியைவிடச் சிறிய துளை வழியே மை பாயவேண்டும், அடைத்துக்கொள்ளக் கூடாது. எனவே அதில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் அதில் கரைந்த சாயம். தண்ணீரில் கரைந்து வந்தது தண்ணீரிலேயே போய்விடுகிறது.

பிறகு பிக்மென்ட் மை வந்தது. இதில் நிறம் கரைவதில்லை, நுண்தூளாக மிதக்கிறது. கறுப்பு என்றால் நம் பழைய கரித்தூளேதான். பல வீட்டுப் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற வர்ணங்கள் சாயம். மை வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

இருக்கிற பிரிண்டரிலேயே சமாளிக்கவும் வழி உண்டு. அடித்த லேபிளை ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு பெயின்ட் கடையில் கிடைக்கும் நிறமற்ற அக்ரிலிக் ஸ்பிரேயை, காற்றோட்டமான இடத்தில், தள்ளிப் பிடித்து மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். ஒவ்வொரு தடவையும் காய்ந்தபின்தான் அடுத்தது. பிரஷ்ஷால் வார்னிஷ் பூசினால் எழுத்து இழுபடலாம். ஸ்பிரே இல்லையென்றால் அகலமான செல்லோடேப் போதும். ஆனால் அது லேபிளின் நாலு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டு டப்பாவில் ஒட்டவேண்டும். தண்ணீர் புகுவது ஓரத்தில்தான். ஜெராக்ஸ் கடையில் லேசரில் அடித்தாலும் நல்லது. அந்த மைத்தூள் பிளாஸ்டிக். சூட்டில் உருகிக் காகிதத்தில் ஒட்டியது, நனைந்தால் ஓடாது.

ஊறுகாய் பாட்டிலில் எழுத்து அழிந்தால் திறந்து முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம். மருந்து டப்பாவில் அழிந்தால் அப்படி முடியாது. பட்டா, பென்ஷன் புத்தகம் எந்தப் பெட்டியில் என்பதும் வெள்ள நேரத்தில் உடனே தெரியவேண்டும். அடுத்த ஐப்பசிக்குள் அந்த இரண்டு லேபிள்களையாவது முதலில் பாருங்கள்.